ஊழியர் என்றால் வார்டுப் பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

மருத்துவமனைச் செயலியில் வழிபிரிக்கும் வேலையை ஒருவழியாக முடித்தேன். உள்ளே நுழைகிறவர் ஊழியரா என்று பார்க்கும். ஆமென்றால் வார்டுப் பக்கம், இல்லையென்றால் நோயாளிப் பக்கம். பத்தே வரி. செயலியைச் சோதித்துப் பார்க்கிற பெண் விடவில்லை.

"ஒரே ஆளு ரெண்டாவும் இருந்தா?"

"ஒரு போன் நம்பருக்கு ஒரு கணக்குதான். முதல்ல எது பொருந்துதோ அங்க போவாங்க."

குறை கண்டுபிடிக்கவே பிறவி எடுத்தவள்.

மார்ச் 19, புதன்

அக்காவின் கழுத்துக் கட்டியில் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். அவள் நர்ஸாக இருக்கும் அதே மருத்துவமனைதான். ஊரார் உடம்பையெல்லாம் பார்க்கிறவளுக்குத் தன் கட்டியைக் கண்ணாடியில் காட்ட நான் வேண்டியிருந்தது.

ஏப்ரல் 2, புதன்

ரிப்போர்ட் வந்ததா என்று கேட்டேன். "வந்தா செயலியில என் பக்கத்துல தெரியும்ல. வேலை பாக்குற இடத்துல போய் நச்சரிக்க முடியுமா?" என்றாள். சரி, நல்ல செய்தியாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 21, திங்கள்

அக்கா தன் கைபேசியில் செயலியைத் திறந்து காட்டினாள். படுக்கை எண்கள், மருந்து நேரங்கள். வேறொன்றும் இல்லை. பக்கத்தில் உட்கார வைத்து, என் கணினியில் நோயாளிப் பக்கத்தைத் திறந்தேன்.

ரிப்போர்ட் மார்ச் 24ஆம் தேதியே வந்திருக்கிறது. உடனே வரவும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். நாலு வாரம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

புற்றுதான், வேகமாகப் பரவுகிற வகை. "நீங்களே நர்ஸ். பாத்துட்டுதான் யோசிக்கிறீங்கன்னு நெனச்சேன்" என்றார் டாக்டர். அப்போதே வந்திருந்தால் சின்ன வெட்டோடு போயிருக்குமாம், இனிப் பெரிய ஆபரேஷன்தானாம். அக்கா தலையாட்டினாள். என் பத்து வரிதான் காரணம் என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

திருத்திவிட்டேன். இரண்டுமாக இருப்பவரிடம் எந்தப் பக்கம் என்று இனி கேட்கும். அரை மணி நேர வேலை. அரை மணி நேரம்! அன்றைக்கு அந்தச் சோதனைக்காரப் பெண் கேட்டபோதே ஏன் செய்யவில்லை? அக்காவிடம் எப்படிச் சொல்வேன் — ஆபரேஷன் முடியட்டும் என்பதெல்லாம் சாக்கு. பயம், அவ்வளவுதான்.

ஏப்ரல் 26, சனி

சொல்லிவிட்டேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கடைசித் துணி வரைக்கும் மடித்து அடுக்கினாள்.

"எனக்கு ஆனது ஆச்சு. எங்க ஸ்டாஃப்ல வேற யாருக்கெல்லாம் ரிப்போர்ட் இப்படி நிக்குதுன்னு பாத்தியாடி?"

பார்க்கவில்லை. எனக்குத் தோன்றவேயில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

பதினொரு பேர். மருத்துவமனை அனுமதி தந்ததும் அக்காவே ஒவ்வொருவருக்கும் போன் செய்தாள். "எனக்கும் இதேதான் ஆச்சு. வேலைய வச்சிட்டு இப்பவே பாரு." நாளை அவளுக்கு ஆபரேஷன்.

ஏப்ரல் 29

வெளியே காத்திருக்கிறேன்.

மே 24, சனி

கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்களாம். குரல் மட்டும் இன்னும் சரியாக எழும்பவில்லை. மாலையில் மருந்தகத்தில் வேலை செய்கிற பெண் வந்தாள், அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி. அவளுக்கும் கழுத்தில்தான். சீக்கிரம் தெரிந்ததால் விரல் நீளத் தழும்போடு போயிற்று. அக்காவுக்கோ காதுக்குக் கீழேயிருந்து மறு காது வரை. அக்கா அவள் தழும்பைத் தடவிப் பார்த்து, "நல்லா தைச்சிருக்காங்க" என்றாள். மனதாரச் சொன்னாள்.

நான் காப்பி போடுகிற சாக்கில் எழுந்தேன்.

"உள்ள போய் அழாத" என்றாள், காற்றாய் வருகிற அந்தக் குரலில். "இங்கயே உக்காரு."

உட்கார்ந்தேன்.