கிளைவியாவுக்குத் தண்ணீர் ஊற்றியது யார்?

உத்திரமேரூர்
6-10-2024

அன்பு மருமகள் கல்பனாவுக்கு,

தாய்மாமன் முனிரத்தினம் எழுதிக்கொள்வது. நான் கருங்கல் மாதிரி இருக்கிறேன். கோத்தகிரிக் குளிர் உன்னையும் ஒன்றும் செய்யாமல் இருக்கட்டும். போனில் பேசினால் உனக்கு வாய் திறக்க வழி கிடைப்பதில்லை, எழுதினால்தான் பதில் என்றாய். சரி, எழுதுகிறேன். எட்டாங்கிளாஸ் கைதான். ஆனால் எங்கள் வாத்தியார் இந்தக் கையெழுத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார், தெரியுமா?

உன் அத்தை பாஞ்சாலி என்னோடு கோபித்துக்கொண்டு உன்னிடம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. நான் மன்னிப்புக் கேட்பேன் என்று நினைத்தால் நினைத்துக்கொண்டே இருக்கட்டும். முப்பது வருடம் டிராக்டர் ஓட்டியவன் நான். ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் வளைத்துப் பழக்கமில்லை.

ஆனால் ஒன்று செய்வேன். மூன்று வருடம் முன்பு ஊட்டியிலிருந்து அவள் மடியில் வைத்துக்கொண்டு வந்தாளே கிளைவியாப் பூச்செடி, வந்த மாதம் பூத்ததோடு சரி, பிறகு வெறும் இலையாகவே நிற்கிறதே, அதைப் பூக்க வைக்கப் போகிறேன். பூத்துவிட்டால் சண்டைக்கு வேலை இல்லை, அவள் வந்துதான் ஆக வேண்டும். நீ நர்சரியில் வேலை பார்ப்பவள். வழி சொல்.

மாமன்,
முனிரத்தினம்

கோத்தகிரி
17-10-2024

மாமாவுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். அத்தைக்கு இங்கே காலையில் எழுந்ததும் மூக்கு சிவந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அத்தை கிளம்பி வந்தது செடி பூக்காததால் இல்லை மாமா. ரேஷன் கடையில் நின்றுகொண்டு, எங்கள் செடிக்குக் கவர்னர் கையால் முதல் பரிசு கிடைத்தது என்று நீங்கள் அளந்தீர்கள். அதை நம்பி, உங்கள் தெரு ஷீபா டீச்சர் நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தார். உள்ளே பூவே இல்லை. அப்போது, “நேத்து வரைக்கும் பத்து பூ இருந்துது, இவதான் தண்ணி ஊத்தாம சாகடிச்சிட்டா” என்று அத்தையைக் கை காட்டினீர்கள். எல்லோரும் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்புக்குத்தான் அத்தை பெட்டி கட்டினார்.

செடி பற்றிக் கேட்டதற்குச் சொல்கிறேன். பெரிய தொட்டிக்கு மாற்றாதீர்கள், வேர் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தால்தான் அது பூக்கும். இடத்தை அடிக்கடி மாற்றாதீர்கள். கார்த்திகை பிறந்ததும் காயப்போடுங்கள்.

அது இருக்கட்டும், தினமும் எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

கல்பனா

உத்திரமேரூர்
24-11-2024

அன்பு கல்பனாவுக்கு,

ஒரு குடம். காலையில் காபி குடிக்கும் முன்பே ஊற்றிவிடுவேன். “ஊத்தாதய்யா, அழுவிடும்” என்று பாஞ்சாலி கத்துவாள்தான். பிரியம் இருக்கிறவன் அளவு பார்ப்பானா? இது உனக்கும் எனக்கும் மட்டும் இருக்கட்டும்.

நீ சொன்னபடி கார்த்திகை முதல் தேதி காயப்போட்டேன். நெல்லைக் காயப்போடும் அதே மொட்டை மாடியில், மழை விட்ட நாலு நாளும் நல்ல வெயிலில், பாய் விரித்து அதன்மேல் தொட்டியை வைத்தேன். சரியாகக் காய்ந்தது. இலையெல்லாம் நெருப்புப் பட்ட மாதிரி வெளுத்துவிட்டது. எதிர் வீட்டுச் செல்லாயி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “இன்னா முனிரத்தினம், செடியில வடாம் போட்டுக்கீறியா?” என்று கேட்டாள். வெளிநாட்டு முறை, உனக்குப் புரியாது என்று சொல்லிவிட்டேன்.

இந்த முறை சரிதானா? சீக்கிரம் எழுது.

மாமன்

கோத்தகிரி
5-12-2024

ஐயோ மாமா,

காயப்போடுங்கள் என்றால் தண்ணீரை நிறுத்துங்கள் என்று அர்த்தம். நெல் மாதிரி வெயிலில் போடுவதா! உடனே வீட்டுக்குள் கொண்டுபோங்கள். அதற்கு நேர் வெயிலே ஆகாது.

நீங்கள் மாடியில் பாய் விரித்ததைப் படித்ததும் அத்தை கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். குடம் விஷயத்தை நீங்கள் ஒத்துக்கொண்டதை நான் படித்துக் காட்டவில்லை. அதை அவரிடம் சொல்ல வேண்டியது நீங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரை நிறுத்தினால் மட்டும் போதாது. ஆறேழு வாரம் நல்ல குளிரில் ஓய்வாக இருந்தால்தான் உள்ளே மொட்டு கட்டும். கோத்தகிரியில் அது தானாக நடக்கும். உங்கள் ஊரில் மார்கழியிலும் அந்தக் குளிர் கிடையாது. முடியாது மாமா, விட்டுவிடுங்கள்.

கல்பனா

உத்திரமேரூர்
9-2-2025

அன்பு கல்பனாவுக்கு,

முடியாதா? ஆயிரம் வருடத்துக்கு முன்பே குடத்தில் ஓலை போட்டுத் தேர்தல் நடத்திய ஊரில் இருப்பவனிடமா முடியாது என்கிறாய்?

பஜார் தெருவில் ஏ.டி.எம். இருக்கிறது. உள்ளே ஏ.சி. பதினாறில் நிற்கும். வெளியே காவலுக்கு இருப்பவர் நம்ம ஏகாம்பரம். டிசம்பர் எட்டாம் தேதி செடியை மிஷினுக்குப் பக்கத்து மூலையில் இறக்கினேன். ஏழு வாரம் அங்கேயேதான். சொட்டுத் தண்ணீர் இல்லை. பணம் எடுக்க வந்தவர்கள் எல்லாம், “இது இன்னாபா?” என்பார்கள். “பேங்க்காரங்க வெச்சது, தொடாத” என்று ஏகாம்பரம் விரட்டுவார். ஒரு நாள் பேங்க்கிலிருந்தே ஆபீசர் வந்துவிட்டார். “சார், தூசி புடிக்கிற செடி. மெட்ராஸ்ல எல்லா ஏ.டி.எம்.லயும் இப்ப இதான் வெச்சிக்கினு இருக்காங்க” என்றேன். அவர் செடியை மேலும் கீழும் பார்த்து, “இங்க ஒண்ணுதானா?” என்று கேட்டுவிட்டுப் போனார்!

ஜனவரி கடைசியில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இன்று காலை இலைகளுக்கு நடுவில் பச்சை நாக்கு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. சத்தியமாக. பாஞ்சாலியிடம் சொல்லு.

மாமன்

கோத்தகிரி
18-2-2025

அன்புள்ள மாமா,

அது மொட்டுதான்! தண்டு ஒரு சாண் எழும்பும் வரை பொறுங்கள், அதன்பிறகு தண்ணீர் கொடுங்கள். முன்பே ஊற்றினால் இலைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஒரு டம்ளர். குடம் இல்லை.

அத்தையிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ஆனால் முகம் சுண்டிவிட்டது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“பூக்கட்டும், எனக்கு இன்னா வந்துது? நான் இருந்த வரைக்கும் பூக்கல, நான் வந்தப்புறம் பூத்துதுன்னா தெரு இன்னா பேசும்? அன்னிக்கி அந்த ஆளு சொன்னது நெசம்னு ஆயிடும். யார் எதிர்ல சொன்னாரோ அவங்க எதிர்ல திருப்பிச் சொல்லட்டும். அது வரைக்கும் அந்த வூட்டுப் படி ஏற மாட்டேன்.”

கல்பனா

உத்திரமேரூர்
9-3-2025

கல்பனாவுக்கு,

அவள் சொன்னதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. தெரு முன்னால் நின்று நான் சொல்வதா? மாட்டேன் என்று எழுதி, கவரை ஒட்டி, தபால் பெட்டி வரைக்கும் போனேன். போடவில்லை. அதற்குள் பூ வந்துவிட்டது.

பதினான்கு பூ. ஒரே தண்டில், ஆரஞ்சு நிறம், தொண்டைக்குள் மஞ்சள். நான் போகாத வீடு இல்லை, கூப்பிடாத ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷீபா டீச்சர், செல்லாயி, அன்றைக்கு வந்த அதே கூட்டம், கூடவே ஏகாம்பரமும் வந்து நின்றார்கள். ஏ.டி.எம். கதையை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

அதற்குள் டீச்சர், “பாத்தீங்களா, அக்கா ஊருக்குப் போனதும் செடிக்கு உயிர் வந்துடுச்சு” என்றார்.

“அவ கை அப்டிமா. பாவம், செடி தப்பிச்சிக்கிச்சு” என்றாள் செல்லாயி.

எல்லோரும் சிரித்தார்கள். போன சித்திரையில் சிரித்த அதே சிரிப்பு. அன்று நானும் சேர்ந்து சிரித்தேன். இந்த முறை என்னால் முடியவில்லை.

“அவ மேல தப்பே இல்ல. ஊத்தாதன்னுதான் சொன்னா. நான்தான் தெனம் ஒரு கொடம் ஊத்தி அழுவ வெச்சேன். அன்னிக்கிப் பத்து பூவும் கெடையாது, கவர்னரும் கெடையாது” என்று சொல்லிவிட்டேன்.

நம்பினார்கள் என்று நினைக்கிறாயா? “பொண்டாட்டிய இட்டாறதுக்கு இன்னா நடிப்பு பாரு!” என்று செல்லாயி கை தட்டினாள். டீச்சர் போட்டோ எடுக்கப் போனைத் தூக்கினார். அறுபத்தொரு வருடத்தில் நான் சொன்னதை எல்லாம் நம்பிய ஜனம், இந்த ஒன்றை மட்டும் நம்பவில்லை.

சுவரில் சொருகியிருந்த கதிர் அரிவாளை எடுத்தேன். தண்டை அடியோடு அறுத்தேன்.

“அவளுக்கு எதிரா சாட்சி சொல்ற பூ என் வூட்ல வேணாம்” என்றேன்.

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் போனை இறக்கிவிட்டார். ஏகாம்பரம் மட்டும், “ஏழு வாரம் காவல் காத்தேனேடா” என்றார். பாவம்.

இப்போது பூ இல்லை. போட்டோவும் இல்லை. காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் கிடையாது. இது மன்னிப்பும் இல்லை, சொல்லிவிட்டேன். நடந்ததை எழுதியிருக்கிறேன். நம்பினால் நம்பட்டும்.

முனிரத்தினம்

கோத்தகிரி
17-3-2025

அன்புள்ள மாமா,

கடிதத்தைச் சமையல்கட்டில் நின்று உரக்கப் படித்தேன். அத்தை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் படித்து முடித்ததும், “எத்தினி பூன்னு எழுதிக்கீறாரு?” என்று கேட்டார். பதினான்கு என்றேன்.

“அந்த ஆளு புளுகினா நாப்பது ஆயிருக்கும். அறுத்துட்டேன்னும் எழுத மாட்டாரு, இன்னும் பூத்துக்கினுதான் இருக்கும்.”

அதற்குப் பிறகு பீன்ஸை முழுக்க நறுக்கி முடித்தார். பெட்டியை எடுத்துத் தரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை செங்கல்பட்டில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் ஏறி, பத்து மணிக்குள் உத்திரமேரூர் வந்துவிடுவார். நீங்கள் பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டுமாம். நேரே வீட்டுக்கு வர மாட்டாராம். முதலில் செல்லாயி வீடு, அப்புறம் ஷீபா டீச்சர் வீடு, அப்புறம் அன்றைக்குச் சிரித்த மற்றவர்கள் வீடு, ஒன்று விடாமல். நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும். வழியில் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

பேச்சு எல்லாம் அத்தையுடையதாம்.

உங்கள்
கல்பனா