படம் நன்றாக இல்லை, மாமா

எனக்குப் பிடித்த படங்களையெல்லாம் குறை சொன்ன, எனக்கு மிகவும் பிடித்த மாமாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் பிடித்த நடிகர், அதுதான் உங்கள் ஆள், அவருடைய புதுப்படத்துக்கு மதியக் காட்சி போய் வந்தோம். அங்கே நடந்ததை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் உங்களோடு பேச உட்கார்ந்தால் எல்லாம் முதலிலிருந்துதான் வருகிறது. உங்களுக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். பார்த்த படத்தின் கதையையே எங்களிடம் மூன்றாம் முறை சொன்னவர்தானே நீங்கள்?

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்போன் கம்பெனிக்கு வேலைக்கு வந்து, ஹாஸ்டலில் தங்கியிருந்த பெண் நான். ஒரகடம் கார் கம்பெனியில் வேலை பார்த்த உங்கள் மகன் வேலுவை விரும்பி, வல்லக்கோட்டை முருகன் முன்னால் கல்யாணம் செய்துகொண்டு, படப்பையில் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றேன். அத்தை ஆரத்தித் தட்டைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினார். நீங்கள் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு சவாரிக்குப் போய்விட்டீர்கள்.

திட்டவில்லை. முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. ஆனால் பேசவும் இல்லை. "அவங்க சாப்டாங்களா?" என்று அத்தையிடம் கேட்பீர்கள். அவங்க என்பது நான்தான். அதே அறையில், உங்களுக்கு எதிரேதான் உட்கார்ந்திருப்பேன். அந்த 'அவங்க' மரியாதையா, வாசலிலேயே நிற்க வைப்பதா? பல நாள் யோசித்திருக்கிறேன். ஊரில் என் வீட்டிலும் அப்போது பேச்சு நின்றுபோயிருந்தது. கம்பெனியில் செல்போன் சோதிக்கும் லைனில் நிற்கும்போது திடீரென்று, இந்த உலகத்தில் எனக்கு மாமனார் வீடும் இல்லை, அப்பா வீடும் இல்லை என்று தோன்றும். கண்ணைத் துடைத்தால் சூப்பர்வைசர் என்னவென்று கேட்பார், தூசி என்பேன். தூசியே நுழைய முடியாத அந்த அறையில் அதையும் அவர் நம்பினார்.

பிறகு பொங்கல் வந்தது. உங்கள் ஆளின் படமும் வந்தது. வீட்டோடு உங்கள் ஆட்டோவிலேயே குன்றத்தூர்ப் பக்கம் தியேட்டருக்குப் போனோம். திரும்பி வரும்போது வழியெல்லாம் ஒரே புகழ்ச்சி. சண்டையைப் பார்த்தாயா, வசனத்தைக் கேட்டாயா என்று வேலுவிடம் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். அவரும் ஆமாம் போட்டுக்கொண்டு வந்தார். என் வாய் சும்மா கிடக்கவில்லை. எனக்குப் பிடிக்கவில்லை என்று பின் சீட்டிலிருந்து சொல்லிவிட்டேன். வேலு என் கையைக் கிள்ளினார்.

சோமங்கலம் ஏரிக்கரையோரம் ஆட்டோ நின்றது. நீங்கள் முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தீர்கள்.

"இன்னா புடிக்கல? சொல்லு."

சொல்லுங்க இல்லை. அவங்களைச் சொல்லச் சொல்லு என்றும் இல்லை. சொல்லு. நீங்கள் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. பயந்துகொண்டேதான் சொன்னேன்.

"இடைவேளைக்கு முன்னால அந்தப் பிள்ளையோட அண்ணன் செத்துட்டான் மாமா. இடைவேளை முடிஞ்சதும் அவ பனிமலையில டான்ஸ் ஆடுதா. அவனப் பத்தி ஒரு பேச்சு இல்ல."

"அது கனவுப் பாட்டு மா."

"கனவுலயாவது அண்ணன் வந்திருக்கணும்லா."

நீங்கள் முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். தோள் குலுங்கியது. அழுகிறீர்கள் என்று நினைத்து அத்தை பதறிப்போனார். நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, பாட்டு நடுவில் பிணத்தைக் காட்டச் சொல்கிறாளே உன் மருமகள் என்று அத்தையிடம் புகார் செய்தீர்கள். வீட்டுக்கு வந்தும் விடவில்லை. சாப்பிடும்போது குழம்புச் சட்டியை நீங்களே என் பக்கம் நகர்த்திவைத்து, "அந்த அண்ணன் மேட்டர் கீதே..." என்று ஆரம்பித்தீர்கள். அன்றைக்கு நான் எவ்வளவு சாப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

அதன்பிறகு நமக்கு வேறு என்ன வேலை? காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் என்னை ஒரகடம் கூட்டுரோட்டில் இறக்கிவிடும்போது நீங்கள் அங்கே ஆள் ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். நான் ஏறியதும் வாரக் கடைசியில் பார்த்த படம் ஆரம்பமாகிவிடும். செல்போனைச் சோதிப்பது மாதிரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ரிஜெக்ட் பண்ணுகிறாள் என்று முன்பின் தெரியாத சவாரிகளிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொல்வீர்கள். அவர்களும் சும்மா இருப்பார்களா? யாராவது ஒருவர் என் பக்கம் சேருவார், ஒருவர் உங்கள் பக்கம். மதுரைக்காரத் தம்பி ஒருவன் வில்லனுக்காக வாதாடிக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டுப் படப்பை வரைக்கும் வந்தது ஞாபகம் இருக்கிறதா? இறங்கி எதிர்ப்பக்கம் வண்டி பிடிக்கப் போகும்போதும் அவன் வில்லனை விட்டுக்கொடுக்கவில்லை.

எவ்வளவு மோசமான படமானாலும் கடைசியில் பெயர்கள் ஓடி முடியும்வரை நீங்கள் எழுந்திருக்க மாட்டீர்கள். துடைப்பத்தோடு வந்து நிற்பவர்களையும் காக்க வைப்பீர்கள். லைட் பிடித்தவனும் வேலை செய்திருக்கிறான் இல்லையா, அவன் பெயரை ஒருத்தராவது பார்க்க வேண்டாமா என்பீர்கள். லைனில் நாங்கள் பூட்டி அனுப்பும் செல்போனில் எங்கள் பெயர் எங்கேயும் இருக்காது, மாமா. அதனாலோ என்னவோ, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் உங்களோடு சண்டை போட்டதில்லை.

அப்புறம்தான் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வீடே மாறிப்போனது. படி ஏறக் கூடாது, உப்பு கூடாது, சத்தம் கூடாது, தியேட்டர் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டோவை உங்கள் தம்பி எடுத்து ஓட்டினார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் உங்களிடம் மெதுவாகப் பேசினார்கள். நீங்கள் என்ன சொன்னாலும் வேலு சரிப்பா என்றார். குழம்பில் உப்பே இல்லை என்று நீங்கள் சொன்னபோது, பக்கத்து வீட்டுக்காரர்கூட உப்பில்லாததுதான் ருசி என்றார்.

அந்த நேரத்தில் உங்கள் ஆளின் படம் வெளியானது. வேலு எங்கிருந்தோ திருட்டு சிடி ஒன்று வாங்கிவந்தார். நீங்கள் அதைத் தொடவே இல்லை. தியேட்டரில் பார்க்காததைப் படம் என்று சொல்லாதே என்றுவிட்டீர்கள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீ போய் பாத்துகினு வா. வந்து சொல்லு" என்றீர்கள்.

போனேன். மாமா, அது படமா? பாதியில் எனக்கே உங்களை நினைத்து அழுகை வந்தது. வீட்டுக்குள் நுழையும்போதே அத்தை என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனார். எப்படி இருக்கிறது என்று என் முகத்திலேயே படித்துவிட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடு, அந்த மனுசன் மனசு தாங்காது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சரி என்றுதான் தலையாட்டினேன்.

உள்ளே நீங்கள் தலையணையில் சாய்ந்து, சட்டை மாற்றி, தலை வாரி உட்கார்ந்திருந்தீர்கள். தியேட்டருக்குப் போகிறவர் மாதிரி. உங்கள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பொய் வரவில்லை.

"படம் நல்லால்ல மாமா. ரொம்ப மோசம்."

அத்தை கதவோரம் தலையில் கை வைத்துக்கொண்டார். நீங்கள் முகமெல்லாம் மலர்ந்து சொன்னீர்கள்.

"நீயும் நல்லாகீதுன்னு சொல்லியிருந்தா, நான் பொழைக்க மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு நெனச்சிருப்பேன் மா."

உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, எது மோசம், ஏன் மோசம் என்று சண்டைக்கு வந்தீர்கள். பார்க்காத படத்துக்காக அப்படி வாதாடியவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். உங்கள் குரல் கேட்டுத் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தை இரண்டு பேரையும் திட்டினார். திட்டிக்கொண்டே உங்களுக்கு மோர் கலக்கிக் கொடுத்தார். அந்த மோரில் உப்பு இருந்தது என்று எனக்கு மட்டும் ரகசியமாகச் சொன்னீர்கள்.

அதற்கப்புறம் சில மாதங்கள் இருந்தீர்கள். நல்ல மாதங்கள்தான். ஒரு நாள் காலையில் காபியைக் குடித்துவிட்டுச் சாய்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை, உங்களுக்கும் இருக்காது.

எங்கள் செல்போன் கம்பெனியை மூடிவிட்டார்கள். பயந்துகொண்டிருக்காதீர்கள், ஒரகடத்திலேயே கார் உதிரி பாகம் செய்யும் இடத்தில் வேலை கிடைத்துவிட்டது. அங்கும் சோதித்து ரிஜெக்ட் பண்ணுகிற வேலைதான். வேலு நன்றாக இருக்கிறார். அத்தைதான் நீங்கள் போனதிலிருந்து வெளியே எங்கும் வரவில்லை. தியேட்டருக்குக் கூப்பிட்டால், புருசன் போனவளுக்கு சினிமா கேட்கிறதா என்று தெருவில் பேசுவார்கள் என்பார். கோயிலுக்குப் போகவே யோசித்தார்.

போன ஞாயிறு நானும் வேலுவும் கிளம்பிக்கொண்டிருந்தோம். அத்தை புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "அவரோட ஆளு படம்தானே? நானும் வரேன்" என்றார். நாங்கள் காரணம் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தை அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நிமிர்ந்து நடந்தார்.

படத்தில் உங்கள் ஆள் ஒரு கப்பலைக் கயிறு கட்டித் தனியாக இழுக்கிறார். எனக்குப் பிடித்திருந்தது, மாமா. நிஜமாகவே பிடித்திருந்தது. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அதைச் சொன்னேன். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா நல்லாகீது? பெத்தவள ஆஸ்பத்திரில போட்டுட்டு கப்பல் இழுக்கப் போறான். அவளுக்குக் கஞ்சி யாரு குடுத்தா?"

அது ஊரைக் காப்பாற்ற என்றேன். ஊரில் ஒரு நர்ஸ் கூடவா இல்லை, அதையாவது காட்ட வேண்டாமா என்றார். அந்தக் கதாநாயகி சும்மாதானே திரிகிறாள், அவள் கொடுத்திருக்கலாமே என்றார். இந்த அம்மா இத்தனை வருடம் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தார்? வேலு எங்கள் இருவர் நடுவில் மாட்டிக்கொண்டு, வந்த பஸ்ஸைக் கைகாட்ட மறந்துவிட்டார். பஸ் போய்விட்டது. அத்தை அதைக் கவனிக்கவே இல்லை. அவர் குரலில் அவ்வளவு தெம்பு இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், அடுத்த படம் எப்போது வருகிறது என்று அவரே கேட்டார். கூட்டிப்போவேன், மாமா. பாவம், தனியாக இருக்கிறார் என்று ஒரு படத்திலும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர் தோற்றால் தோற்றார் என்றே சொல்வேன். ஜெயித்தால் நன்றாகச் சண்டை போட்டு, கடைசியில்தான் ஒப்புக்கொள்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
வாய் அடங்காத உங்கள் மருமகள்,
கோமதி