மேசையில் வைப்பதா, பையில் கொண்டுவருவதா

புக்கிட் செம்பாக்கா தோட்டம்,
ரந்தாவ்.
15.9.1996

என் தங்க மகள் நீலாவதிக்கு,

அம்மாவின் அன்பு. நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். ஸ்கூடாய் ஹாஸ்டலில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே விடாத மழை. ரப்பர் மரமெல்லாம் நனைந்து கிடப்பதால் இன்றைக்குப் பால்வெட்டு இல்லை. அதனால்தான் உட்கார்ந்து நீளமாக எழுத முடிகிறது.

உன் கம்ப்யூட்டர் கடிதம் வந்தது. கட்டடப் படம் வரைகிற பாடத்துக்குச் சொந்தமாக ஒன்று இல்லாமல் முடியாது, லேபில் இடம் பிடிப்பதற்குள் பொழுது போய்விடுகிறது, போன தடவை மதிப்பெண் குறைந்ததும் அதனால்தான் என்று எழுதியிருந்தாய். படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மாதாமாதம் நான் சீட்டுக் கட்டிய கூட்டுப் பணம் இந்த மாதம் கைக்கு வந்துவிட்டது. அப்பாவிடம் இருப்பதையும் சேர்த்தால் மூவாயிரம் வெள்ளி தேறும். அதற்கு மேல் நம்மால் ஆகாது, கண்ணு.

மேசையில் வைக்கிற கம்ப்யூட்டரே போதும், அதை வாங்கினால் லீவிலும் அங்கேயே இருந்து வேலை செய்யலாம், வீட்டுக்கெல்லாம் வரவேண்டியதில்லை, பஸ் காசும் மிச்சம் என்று கடைசியில் எழுதியிருந்தாய் பார், அது எங்கள் நல்லதை நினைத்து எழுதியது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வலித்தது. அப்பா அந்த வரியைப் படித்துவிட்டு வெளியே போய் மோட்டார் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தார். கொட்டுகிற மழையில்!

அதற்குப் பிறகு அவர் செய்த கூத்தைக் கேள். மேசைக் கம்ப்யூட்டரையும் லீவுக்கு வீட்டுக்குக் கொண்டுவரலாம், சிம்பாங் சந்திப்பில் நீ பஸ்ஸை விட்டு இறங்கியதும் தானே மோட்டாரில் ஏற்றி வந்துவிடலாம் என்று சொன்னார். நம் செம்மண் ரோட்டில் அது உடைந்து போகாதா என்று கேட்டேன். "மெதுவா கொண்டாந்தா ஒண்ணும் ஆவாது லா, நான் காட்டறேன் பாரு" என்று நம் டிவியைப் போர்வையில் சுற்றி, மோட்டாரின் பின்னால் கட்டிக்கொண்டு, சிம்பாங் வரை போய்த் திரும்பினார். வழியில் பார்த்தவர்களெல்லாம் டிவியை விற்கப் போகிறார் என்று நினைத்து விலை கேட்டார்களாம்.

டிவி முழுசாகத்தான் வந்தது. சத்தம் கேட்கிறது, படம்தான் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பஞ்சாலை மட்டும் வழக்கம்போல வந்து அதன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். "படம் வராட்டி என்னா, கதைதானே கேக்கணும்" என்கிறாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அப்பா அத்தோடு விடுவாரா? மறுநாளே சிரம்பானுக்குப் பஸ் ஏறி, ஒரு சீனர் கடையில் நோட்புக் கம்ப்யூட்டர் பார்த்துவிட்டு வந்தார். ஒருவர் வைத்திருந்து விற்றது. உன் படிப்புப் பையில் அடங்கிவிடுமாம். பகலில் நம் லயத்து வீடுகளில் கரண்ட் இல்லாவிட்டாலும் பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓடுமாம். தீர்ந்துபோனால் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியிடம் சொல்லிச் சார்ஜ் போட்டு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கிராணியிடம் இன்னும் கேட்கவே இல்லை, அது வேறு விஷயம். ஆனால் அதற்கு மெமரி எட்டுதான். நம் காசுக்கு மேசைக் கம்ப்யூட்டர் என்றால் பதினாறும் கிடைக்கும், வேகமான பென்டியமும் கிடைக்கும், படமும் பெரிதாகத் தெரியும் என்று கடைக்காரரே சொன்னாராம்.

எட்டும் பதினாறும் எனக்கு என்ன புரியும்? தமிழ்ப்பள்ளி திருநாவுக்கரசு வாத்தியாரிடம் போய்க் கேட்டேன். ஹார்ட் டிஸ்க் என்பது சாமான் வைக்கிற அலமாரி, மெமரி என்பது அடுப்பு. எட்டு என்றால் இரண்டு அடுப்பு, பதினாறு என்றால் நாலு அடுப்பு என்றார். ஒற்றை அடுப்பில் இத்தனை வருஷம் சமைத்து உன்னை ஆளாக்கியவள் நான், இரண்டு அடுப்பு போதாதா என்று கேட்டேன். வாத்தியார் சிரிக்கவில்லை. "இந்த மாதிரி படம் வரையறதுக்கு எட்டு ரொம்ப இழுக்கும்மா, பிள்ள அழுதுரும்" என்றார்.

இதை உன் அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. வருகிற வாரம் வரை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று அந்தக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தீபாவளிக்கு நீ அதைப் பையில் போட்டுக்கொண்டு வருவாய் என்று ஜன்னல் பக்கம் பலகை அடித்து உனக்கு இடமும் செய்துவிட்டார். எனக்கும் அந்த ஆசைதான். பொய் சொல்வானேன்? நீ அங்கே உட்கார்ந்து வேலை செய்ய, நான் உனக்குத் தேநீர் கலக்கித் தருவதுபோல நினைத்துப் பார்த்துவிட்டேன்.

ஆனால் படிக்கிறவள் நீ. எட்டில் உன் படம் முடியுமா, முடியாதா? அதை மட்டும் உள்ளபடி எழுது. எங்களுக்காகப் போதும் என்று எழுதாதே. போதாது என்றால் பணத்தை உன் பேங்க் கணக்கில் போட்டுவிடுகிறேன், ஜொகூரிலேயே மேசைக் கம்ப்யூட்டரைப் பார்த்து வாங்கிக்கொள். அப்பாவை நான் சமாளித்துக்கொள்வேன். இரண்டு நாள் பேசமாட்டார், மூன்றாம் நாள் அவரே கம்ப்யூட்டர் வந்துவிட்டதா என்று கேட்பார்.

எதை வாங்கினாலும் முதலில் சாமி கும்பிட்டுவிட்டு ஆரம்பி. நீ கட்டப்போகிற கட்டடங்களெல்லாம் உறுதியாக நிற்கட்டும். நீயும் நோய் நொடி இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல் நன்றாக இரு.

மேசைக் கம்ப்யூட்டர்தான் என்று ஆகிவிட்டால், தீபாவளிக்கு அப்பாவும் நானும் முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு அங்கே வருகிறோம். உன் ஹாஸ்டலில் அம்மா அப்பாவை உள்ளே விடுவார்களா என்று மட்டும் கேட்டு எழுது. விடமாட்டார்கள் என்றாலும் பரவாயில்லை. நீ வாசல் கேட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றால் போதும், பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவோம்.

உன் வரவை எண்ணியிருக்கும்
அம்மா
வள்ளிநாயகி வீரமுத்து