வயிற்றோடு தைத்த விரல்

அம்பத்தூர்

அன்புள்ள தேவிப்பிரியாவுக்கு,

நீயும் அம்மாவும் சௌக்கியமா? போனில் சொன்னால் அழுவாய் என்றுதான் இடது கையால் கிறுக்குகிறேன். கம்பெனியில் பிரஸ் மிஷின் என் ஆள்காட்டி விரல் நுனியைக் கொஞ்சம் கடித்துவிட்டது. டாக்டர் விரலை வயிற்றுத் தோலோடு சேர்த்துத் தைத்திருக்கிறார். தோல் விரலில் பிடித்ததும், வெள்ளிக்கிழமை பிரித்துவிடுவார்களாம்.

கட்டு மாற்ற பஸ்ஸில் போனேன். "சட்டைக்குள்ள இன்னா ஒளிச்சுகினு வர? கைய எடு நைனா" என்றார் கண்டக்டர். "வெள்ளிக்கிழமதாண்ணே எடுக்க முடியும்" என்றேன். இறங்கும்வரை எல்லோரும் பர்ஸைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள்.

நான் குண்டானால் விரலுக்கும் தொப்பை போடுமாம். அதனால் முறுக்கு அனுப்பாதே. பழைய சட்டையில் பிரஸ் பட்டன் வைத்து அனுப்பு. ரூமில் இருக்கும் டில்லிபாபு தினமும் பட்டனை மாற்றிப் போட்டுவிடுகிறான்.

இல்லை, சட்டையை வெள்ளிக்கிழமை நீயே எடுத்துக்கொண்டு வா. உன் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு கை காலியாக இருக்கும்.

அவசரத்தில்,
தமிழரசு