கருப்பாத்தாள் அத்தையின் ஸ்டேட்டஸ்

கோவிந்தாபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

கண்ணு யோகப்பிரியாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் அண்ணன் ஆனந்தகுமாரும் சுகம், அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க மாரியாத்தாளைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். பக்கத்து வீட்டு டிஜோ புதன்கிழமை டப்ளினுக்குத் திரும்புகிறான், முறுக்கோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். இப்போதெல்லாம் எனக்குப் போனைத் தொடவே பயம்.

நம் குடும்பத்துப் பெண்கள் வாட்ஸ்அப் குரூப்பில் நான் பேசியதை நீயும் கேட்டிருப்பாய். உனக்கு மட்டும் அனுப்ப நினைத்ததுதான். உன் அப்பாவின் அக்கா கருப்பாத்தாள் அத்தை விடிந்ததும் புதுச்சேலையும் கோயிலும் செம்பருத்தியுமாக ஸ்டேட்டஸ் போடுகிறார், அறுபத்தாறு வயதில் இந்தப் பகட்டு எதற்கு, சோறாக்குகிற நேரத்தைவிடப் படம் பிடிக்கிற நேரம்தான் அதிகம் என்று வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு விரலை எடுத்தால், அது முப்பத்தோரு பேர் இருக்கிற குரூப்பில் போய் உட்கார்ந்திருக்கிறது. பதறியடித்து அழித்தேன். நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது ஆனந்தகுமார் வந்து, நான் அழித்தது என் போனில் மட்டும்தான், மற்ற எல்லாரிடமும் பத்திரமாக இருக்கிறது என்றான். உன் அப்பா அன்று முழுக்கச் சிரித்தார், சொந்த அக்காவைச் சொல்லிவிட்டாளே என்ற கோபம்கூட இல்லை.

அத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆனால் ஸ்டேட்டஸ் போடுவதை நிறுத்திவிட்டார். மூன்று நாள் பார்த்தேன், நாலாம் நாள் எனக்கு இருப்புக் கொள்ளாமல் கொல்லங்கோட்டில் அத்தை வீட்டுக்குப் பஸ் ஏறினேன். வா என்று சொல்லி மோர் கொடுத்தார், முகத்தைப் பார்க்கவில்லை. நான் பேசியது தப்புதானுங்க நங்கை என்றேன். அத்தை சொன்னார்: “சேலையைக் காட்டறதுக்குப் போடல அம்மிணி. பசங்க ரெண்டு பேரும் பெங்களூருல ஓடிட்டே இருக்கறாங்க, கூப்புட்டா அப்பறம் பேசறேன்னு வெச்சுப்போடறாங்க. ஸ்டேட்டஸ் போட்டா பாத்தவங்க பேரு வருதல்ல. அதுல ரெண்டு பேரு பேரும் வந்துட்டா, செரி, நல்லாத்தான் இருக்கறாங்கன்னு அடுப்பைப் பத்த வெப்பேன்.”

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். நாலு நாளாக ஸ்டேட்டஸ் இல்லையே, பிள்ளைகள் கேட்டார்களா என்றேன். “நீ ஒருத்திதான் வந்திருக்கற” என்றார்.

அப்புறம் செம்பருத்திச் செடியோரம் நின்று இரண்டு பேரும் படம் எடுத்தோம், அத்தை என் தலையைச் சரிசெய்து நாலு தடவை எடுத்தார். போட்ட பத்து நிமிடத்தில் பெரியவன் பேர் வந்தது. சின்னவன் பேர் வரும்வரை எனக்குக் கிளம்ப மனசில்லை, மூன்று பஸ் போய்விட்டது. இனிமேல் என்னைப் பற்றிப் பேசுவதென்றால் நேராக எனக்கே அனுப்பு என்று சொல்லித்தான் பஸ் ஏற்றிவிட்டார்.

முறுக்கை ஒரே நாளில் தின்று தீர்க்காதே, மாப்பிள்ளைக்கும் வை. காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. இரண்டு பேரும் நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் நன்றாயிருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே கண்ணு, அத்தையின் ஸ்டேட்டஸைத் தினமும் திறந்துவிட்டுப் போ. பார்க்க நேரமில்லாவிட்டாலும் உன் பேர் விழட்டும்.

உன் அம்மா,
மயிலாத்தாள்