ஐந்தாவது பாட்டின் கிதார்

மார்ச் 4, 2014, செவ்வாய். மெம்ஃபிஸ்

எங்கள் குழு மட் காங்கிரஸின் இசைத்தட்டு இன்று வெளியானது. வெர்னா விடிந்ததும் என் கணினியைத் தூக்கித் துணி அலமாரியில் வைத்துவிட்டாள். "விமரிசனம் எதையும் படிக்காத. படிச்சா மூணு நாள் சாப்பிட மாட்ட, நான் சமைச்சதெல்லாம் குப்பைக்குத்தான் போகும்." முப்பத்தெட்டு வருடமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவள்.

அவள் குளிக்கப் போனதும் எடுத்துப் படித்தேன்.

'மட் காங்கிரஸ்: நான்கு பெரிய குழுக்களில் மிச்சமிருந்தவர்கள் ஒன்றுகூடிப் பிடித்துக்கொண்ட குரூப் போட்டோ.' இதுதான் முதல் வரி. ரஸ் காலவேயின் குரல் துருப்பிடித்த இரும்புக் கதவாம். ஹூபியின் டிரம்ஸ் உட்கார்ந்தபடி தூங்குகிறதாம். பிறகு என் முறை: 'டெல்மர் ஹாஸ்கின்ஸின் கிதாருக்கு வாய் மூடவே தெரியாது. ஒரு நொடி சும்மா இருந்தால் செத்துப்போய்விடுவோம் என்று பயப்படுகிறவர்போல வாசிக்கிறார்.' பேஸ் வாசித்த ஒனீடா பிரிட்செட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கொடுத்துவைத்தவள்.

எழுதியவனின் படம் பக்கத்திலேயே இருந்தது. மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. இவன் எனக்கு ப்ளூஸ் சொல்லித்தருகிறான். தூ.

மார்ச் 7, வெள்ளி

இன்னும் மூன்று விமரிசனங்கள். மூன்றும் திட்டுகின்றன. ஆனால் ஒரு அதிசயம், மூன்று பேரும் ஐந்தாவது பாட்டு வந்ததும் தொப்பியைக் கழற்றுகிறார்கள். 'பாதி வெள்ளையடித்த வீடு', நடுவில் வரும் ஸ்லைடு கிதார். 'நாற்பத்தெட்டு நொடி. பதினொரு ஸ்வரங்கள்தான். ஹாஸ்கின்ஸ் அறுபத்தாறு வயதில் காத்திருக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். அவர் வாழ்க்கையிலேயே இதுதான் சிறந்த வாசிப்பு.'

இணையத்தில் எங்கள் ரசிகர் பக்கத்திலும் அதே பேச்சு. பெடூக்கா பாப் என்ற பெயரில் எழுதும் ஆள் எங்கள் தட்டு முழுவதையும் காறித் துப்பிவிட்டு, அந்த ஒரு இடத்தில் லாரியை ஓரங்கட்டி அழுதேன் என்கிறார்.

சரி, எல்லாரும் முட்டாள்கள் இல்லை. வெர்னாவுக்குப் படித்துக் காட்டினேன். "நீயா? பதினொண்ணா?" என்று கேட்டுவிட்டு மீனைத் திருப்பிப் போட்டாள்.

மார்ச் 8, சனி

கேட்டேன். அது நான் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன், இல்லாவிட்டால் நானே மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

முடிந்த தட்டை நான் கேட்பதில்லை. நாற்பது வருடப் பழக்கம். பேட்டிகளில் இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வேன். எல்லா வாசிப்பையும் சேர்த்த கடைசிக் கலவை தயாரானதும் எங்கள் நால்வருக்கும் அனுப்பிச் சம்மதம் கேட்டார்கள். நான் திறக்காமலேயே 'பிரமாதம், சரி' என்று பதில் போட்டேன். ரஸ் தன் குரலைத் தவிர வேறு எதையும் கேட்கமாட்டான். ஹூபிக்கு ஒரு காது போய் ஆறு வருடம்.

அந்தப் பாட்டைப் பதிவுசெய்த அன்று எனக்குப் பல்வலி, போகவில்லை. தனி வாசிப்பு எங்கே வரும், எவ்வளவு நீளம் என்று மற்றவர்களுக்குத் தெரியவேண்டுமே என்று ஒனீடா என் கிதாரை எடுத்து, தந்தியில் வழுக்கி வாசிக்கும் என் கண்ணாடிக் குழாயை விரலில் மாட்டிக்கொண்டு ஒரு மாதிரி டிராக் வாசித்திருக்கிறாள். பிறகு நான் வந்து என்னுடையதை வாசித்தேன். அவளுடையதை அழிக்கவேண்டியது. கலவைக்கு உட்கார்ந்த ஒலிப்பதிவாளர் கஸ், அவளுடையதற்குப் பதிலாக என் டிராக்கின் வாயை அடைத்துவிட்டான்.

கஸ்ஸைக் கூப்பிட்டேன்.

"ஐயோ டெல், நீதானே பிரமாதம்னு எழுதின! கேட்டுட்டுத்தானே எழுதின?"

அன்று நடந்ததை அவனே ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"இப்ப என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ணாத. வாயத் தொறக்காத."

இதை நானா சொன்னேன்? நான்தான் சொன்னேன். உடனே சொன்னேன், யோசிக்கக்கூட இல்லை.

மார்ச் 14, வெள்ளி

வானொலிப் பேட்டி. "அந்தப் பதினொரு ஸ்வரங்களை வாசிக்கும்போது மனசுல என்ன ஓடிச்சு?" என்று கேட்டாள் அந்தப் பெண். இருமிவிட்டுத் தப்பித்திருக்கலாம். நானோ, "எங்கப்பா செத்த அன்னிக்கு வீட்ல இருந்த அமைதி" என்றேன். அவள் குரல் தழுதழுத்தது.

அப்பா செத்த அன்று பெரியப்பா பேஸ்பால் ஆட்டத்தைச் சத்தமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அமைதியாம். சீ, என்ன பிறவி நான்?

மார்ச் 17, திங்கள்

சுற்றுப்பயணத்துக்கு முதல் ஒத்திகை. ஒனீடா பேஸைச் சுருதி சேர்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "என்னப்பா, உங்கப்பா செத்ததை நான் வாசிச்சேனாமே?"

"உனக்கு எப்போ தெரியும்?"

"கலவை வந்த அன்னிக்கே. நான் கேட்டுட்டுத்தான் பதில் போடுவேன்."

"ஏன் சொல்லல?"

"எழுதினேனே, 'அஞ்சாவது பாட்டு, டெல் கேட்கட்டும்'னு. நீ பிரமாதம்னுட்ட. சரி, ஐயா பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்துட்டார்னு இத்தனை நாளா நினைச்சிருந்தேன். அப்புறம் உன் பேட்டியைக் கேட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் அவள் அனுப்பிய அந்த மின்னஞ்சலைத் தேடினேன். இருக்கிறது. திறக்கவே இல்லை.

ஒத்திகையில், எப்படி அவ்வளவு குறைவாக வாசித்தாய் என்றும் கேட்டேன். "ரஸ் அந்த வரியைப் பாடி முடிச்சு மூச்சு வாங்கணும்ல? எடம் விட்டேன். அவ்வளவுதான்" என்றாள். பிறகு சொன்னாள்: "எங்கம்மா பாட்டை நாங்க ரேடியோவுல உங்க ஆளுங்க பேர்லதான் கேட்டோம். இந்த ஊருக்கு இது புதுசா என்ன? ஆனா உன்னை நான் அந்தக் கணக்குல வைக்கல, டெல்."

ஒரு வெள்ளைக்காரனாக இந்த ஊரில் ஐம்பது வருடம் கறுப்பர்களின் இசையான ப்ளூஸை வாசித்து, அதில் பேரும் வாங்கி, அந்தக் கணக்கில் நான் இல்லை என்று எல்லா மேடையிலும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

மார்ச் 25, செவ்வாய்

எட்டு நாளாக அந்தப் பதினொரு ஸ்வரங்களைப் பழகுகிறேன். வரவில்லை. விரல் எல்லாவற்றுக்கும் போகிறது, நடுவில் சும்மா இருக்கத்தான் முடியவில்லை. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில் ஏதாவது ஒன்றைச் சொருகிவிடுகிறேன்.

"திரும்பத் திரும்ப அதையே... பக்கத்து வீட்டு நாய் ஓடிப்போச்சு" என்கிறாள் வெர்னா.

ஏப்ரல் 5, சனி

முதல் நிகழ்ச்சி, சொந்த ஊரில். ஐந்தாவது பாட்டின் தனி வாசிப்பு வந்ததும் என் கிதாரைக் கழற்றி ஒனீடாவிடம் கொடுத்துவிட்டு அவள் பேஸை வாங்கிக்கொண்டேன். அவள் ஒரு கணம் திகைத்தாள், பிறகு வாசித்தாள். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல இருந்தது எனக்கு. செய்யவேண்டியதைச் செய்துவிட்டேன். யாரிடமும் எதையும் சொல்லவேண்டிய அவசியமும் வரவில்லை. நன்றாகத் தூங்கப்போகிறேன்.

ஏப்ரல் 7, திங்கள்

நம்மூர்ப் பத்திரிகை: 'மாலையின் ஒரே சறுக்கல், ஹாஸ்கின்ஸ் தன் வாழ்நாள் சாதனையை பேஸ் வாசிப்பவரிடம் ஒப்படைத்தது. அவர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் அப்படியே நகலெடுத்தார். உயிர்தான் இல்லை. சில விஷயங்களைச் சொல்லிக்கொடுக்க முடியாது.'

பெடூக்கா பாப்: 'டெல் வாசிப்பார் என்று இருநூறு மைல் ஓட்டி வந்தேன். அந்த அம்மாள் பாவம், முயற்சி செய்தார்.'

பத்திரிகையைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். இவர்களுக்குக் காது எதற்கு? கண்ணாடி மாட்டிக்கொள்ளவா?

ஒனீடா கூப்பிட்டாள். முதலில் சிரித்தாள். வெகுநேரம் சிரித்தாள். சிரிப்பு நின்றதும், "கேளு டெல். போன வாரம் வரைக்கும் என் வாசிப்பு திருட்டுப் போயிருந்துச்சு. அதைத் தாங்கிக்கிட்டேன். இப்ப என் வாசிப்புக்கே நான் நகல் ஆயிட்டேன். முப்பது வருஷமா ஸ்டுடியோ ஸ்டுடியோவா வாசிச்சு நான் சம்பாதிச்ச பேரு இது, 'உயிர் இல்ல'. வெள்ளிக்கிழமைக்குள்ள நீ வாயத் தொறக்கலேன்னா வேற ஆளப் பாத்துக்கோ" என்றாள்.

சாதனை பண்ணிவிட்டதாக நினைத்துத் தூங்கினேனே, அந்தத் தூக்கத்தை நினைத்தால்தான் அதிகம் அருவருப்பாக இருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

மேலாளர் மார்வின் கெஞ்சினார். "சார், இந்தத் தட்டுல நாலு பேர் நல்லதா சொன்னது அந்த ஒரு பாட்டைத்தான். அதையும் நீங்களே கெடுத்துக்கணுமா?"

"அது என்னோடது இல்ல மார்வின்."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். வாசிச்சவளுக்குத் தெரியும். இன்னும் எத்தன பேரு வேணும்?"

குழுவின் பக்கத்தில் எழுதிப் போட்டேன். அலங்காரம் இல்லாமல் ஆறு வரி. ஐந்தாவது பாட்டின் கிதார் ஒனீடா பிரிட்செட் வாசித்தது. நான் அன்று ஸ்டுடியோவிலேயே இல்லை. அப்பாவைப் பற்றி நான் சொன்னது பொய்.

ஏப்ரல் 10, வியாழன்

'என்ன ஒரு தன்னடக்கம்!'

'தன் சாதனையை ஒரு கறுப்பினப் பெண்ணுக்குத் தானமாகக் கொடுக்கும் மனசு வேறு யாருக்கு வரும்?'

'உண்மையான மேதைகள் இப்படித்தான்.'

ஒன்பதாயிரம் பேர் இதயப் படம் போட்டிருக்கிறார்கள். ஒருவன்கூட நம்பவில்லை. பொய் சொன்னேன், அழுதார்கள். உண்மையைச் சொன்னேன், கும்பிடுகிறார்கள். பேசாமல் கிதாரை விற்றுவிட்டுத் தக்காளி போடலாமா?

ஒனீடா நடிக்கச் சொல்லி நான் நடித்ததாகக்கூட ஒருவன் எழுதியிருக்கிறான். நாளை வெள்ளிக்கிழமை.

ஏப்ரல் 11, வெள்ளி

கஸ்ஸிடம், அவன் வாயடைத்த என் டிராக்கை அனுப்பச் சொன்னேன். பதிவான தேதியோடு. இரண்டு வாசிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடலாம், காது இருப்பவன் கேட்டுக்கொள்ளட்டும்.

போடுவதற்கு முன் கேட்டேன். என்னுடையதை நானே கேட்டு எத்தனை வருடம்!

இரண்டு நிமிடம் பத்து நொடி, எனக்கு விட்ட நாற்பத்தெட்டு நொடி போதாமல் ரஸ்ஸின் வரிகளுக்குள்ளும் ஓடுகிறது. ஒரு ஊசி நுழைய இடமில்லை. ரஸ் மூச்சு வாங்குகிற இடத்தில் அவன் கழுத்தின்மேல் ஏறி உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். அழகாக, வேகமாக, எதற்கென்றே தெரியாமல். நடுவில் வெர்னா எட்டிப்பார்த்து, "பரவால்லையே. முடிஞ்சுதா?" என்றாள்.

"இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு."

"அப்போ நான் துணியைக் காயப்போட்டுட்டு வந்துடறேன்."

அந்த மீசை முளைக்காத பையன் எழுதியது முழுக்க உண்மை. மேலே அவனைத் திட்டி எழுதியதை அடித்துவிடவில்லை, இருக்கட்டும்.

போட்டுவிட்டேன். மாலை நிகழ்ச்சிக்கு ஒனீடா வந்தாள். "கேட்டேன்" என்றாள். "பயங்கரமா இருக்கு டெல்." பிறகு தன் பையிலிருந்து பாதி சாண்ட்விச்சை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

ஏப்ரல் 14, திங்கள்

இப்போது நம்புகிறார்கள். நம்பியதும் என்ன நடந்தது?

பெடூக்கா பாப்: 'தட்டில் இருப்பதில் ஏதோ குறைகிறது என்று எனக்கு முதலிலிருந்தே தோன்றியது. இதுதான் அசல் டெல்! என்ன வேகம்!' இவர்தான் லாரியை ஓரங்கட்டி அழுதவர்.

வாழ்க்கையிலேயே சிறந்த வாசிப்பு என்று எழுதிய பத்திரிகை மறுபடி எழுதியிருக்கிறது: 'திரும்பக் கேட்டபோது, அது ஒரு நல்ல பேஸ் கலைஞரின் அடக்கமான முயற்சி என்று புரிகிறது.' அதே நாற்பத்தெட்டு நொடி. ஒரு அணுகூட மாறவில்லை. பேர் மட்டும் மாறியது.

பேருந்தில் ஒனீடா இதை எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினாள், பிரசங்கியார் குரலில். ஹூபி விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவளும் கடைசி வரியில் சிரிக்கவில்லை.

மே 2, வெள்ளி

மார்வின் மறு அச்சுக்குப் ஐந்தாவது பாட்டில் என் பேர் இருந்த பழைய உறையையே போடப் பார்த்தார். மாற்றினால்தான் என் கையெழுத்து என்றேன். மாற்றினார்.

ஜூன் 7, சனி. லிட்டில் ராக்

நிகழ்ச்சி முடிந்து கையெழுத்து மேசை. ஐந்தாவது பாட்டை இப்போது ஒவ்வொரு ஊரிலும் ஒனீடாதான் வாசிக்கிறாள். நடுவில் யாராவது "டெல், நீ வாசி!" என்று கத்துகிறார்கள். நான் பேஸிலேயே நிற்கிறேன்.

வரிசையில் ஒரு நல்ல மனிதர், என் வயது, சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். புது அச்சு. பின்னட்டையைத் திருப்பி விரலை வைத்தார். '5. கிதார்: ஒனீடா பிரிட்செட்.' "சரியா இங்க போடுங்க சார், இதுமேலயே" என்றார். "எங்களுக்கெல்லாம் தெரியும், அது நீங்கதான்."

பக்கத்து நாற்காலியில் ஒனீடா. நான் உறையை அவள் பக்கம் நகர்த்திப் பேனாவையும் கொடுத்தேன். அந்த மனிதர் பதறி உறையை இழுத்துக்கொண்டார். "ஐயோ, இதுல வேற யாரும் எழுத வேண்டாம் சார்."

ஒனீடா பேனாவை மூடி என் சட்டைப் பையில் சொருகினாள். நான் கையெழுத்துப் போடவில்லை. அவர் ரஸ்ஸின் வரிசைக்குப் போனார்.