மேனேஜரின் கழிச்சல்

மார்ச் 4

காலையில் அக்கா போன். மேனேஜர் கன்று போட்டதிலிருந்து சாணி இளக்கமாகப் போகிறதாம். அக்காவின் தொழுவத்தில் அதிகம் கறப்பது அந்தப் பசுதான். தான் தின்று முடிக்காமல் மற்ற மாடுகளைத் தொட்டிப் பக்கம் விடாது, அதனால் அந்தப் பெயர். காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை, தீனியில் குறைவில்லை. புழு மருந்து கொடு என்றேன்.

“ஒரு எட்டு நேர்ல வந்து பாத்துட்டுப் போயேன்டா.”

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

மார்ச் 11

போகவில்லை.

மார்ச் 29

மருந்து கொடுத்ததும் சாணி இறுகியதாம், இப்போது மறுபடி தண்ணீராகப் போகிறதாம். வேறு மருந்து சொன்னேன். போனில்தான்.

இதே நான், இன்று மாட்டாஸ்பத்திரிக்குச் சோதனைக்கான சாணி கொண்டுவராமல் வந்த ஒரு மாட்டுக்காரரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். “சாணியைப் பாக்காம மருந்து எழுத நான் என்ன மந்திரவாதியா?” கம்பவுண்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஏப்ரல் 20

இன்றுதான் போனேன். விலா எலும்பெல்லாம் வெளியே தெரிகிறது. தாடைக்குக் கீழே நீர் கோத்த வீக்கம். குழாயைத் திறந்துவிட்ட மாதிரி பீய்ச்சிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் வைக்கோலை மெல்லுகிறது. நன்றாகத் தின்றும் இளைக்கிற பசு, காய்ச்சலில்லாத கழிச்சல் — கால்நடை மருத்துவம் படிக்கிற பையன்கூடச் சொல்லியிருப்பானே!

கையுறை மாட்டிச் சோதனைக்குச் சாணி எடுத்தேன். அக்கா முகத்தை நான் பார்க்கவில்லை.

ஏப்ரல் 21

சாணிக்குச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்புச் சிவப்பாய், கொத்துக் கொத்தாய்க் கிருமி. குடலை அரிக்கிற ஜோனிஸ் நோய். மருந்தே கிடையாது.

அதைக்கூடச் சொல்லிவிடலாம். மற்றதை எப்படிச் சொல்வது? சாணியாலும் பாலாலும் கன்றுகளுக்குத் தொற்றுகிற நோய் இது. மேனேஜரின் சீம்பால்தான் கெட்டி, ஃப்ரீசரில் எடுத்து வைத்து மற்றக் கன்றுகளுக்கும் ஊட்டு என்று அக்காவிடம் சொன்ன மகா புத்திசாலி யார்? நானேதான். நல்லதென்று நினைத்துத்தான் சொன்னேன். ஐயோ, நல்லதாம்!

ஏப்ரல் 22

சொல்லிவிட்டேன். அக்கா முதலில் கேட்டது மேனேஜரைப் பற்றி இல்லை.

“அப்ப கன்னுங்க?”

“இப்பத் தெரியாதுக்கா. வளர்ந்து கன்னு போடுற வயசுலதான் வெளிய காட்டும்.”

“அதுவரைக்கும் தெனம் பயந்துகிட்டே தீனி போடணுமா?”

சாணிக் கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்தவள், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “ஊருக்கெல்லாம் ஓடி ஓடிப் பாக்குற. எனக்கு மட்டும் போன்லயே முடிச்சிட்டியேடா.”

நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

ஏப்ரல் 25

மேனேஜரை ஒரேயடியாகத் தூங்கவைக்கும் ஊசியை நானே போட்டேன். வேறு டாக்டரை அனுப்பவா என்று கேட்டதற்கு, “வேணாம். உன்னைப் பாத்தா மிரளாது” என்றாள் அக்கா. மிரளவே இல்லை. கழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றது பாவி மாடு. வண்டிக்குள் வந்து உட்கார்ந்து அழுதேன்.

மே 18

இப்போதெல்லாம் ஞாயிறு தவறாமல் போகிறேன். தொழுவத்தைக் கழுவிச் சுண்ணாம்பு தூவினோம். கன்றுகளைத் தனியே கட்டியாயிற்று. அக்கா டீ கொடுத்தாள். பேச்சுதான் இல்லை. இந்த ஓட்டத்தை மார்ச்சில் ஓடியிருந்தால் என்ன?

ஜூன் 16

ஆஸ்பத்திரி வரிசையில் அக்கா! கையில் மூடி போட்ட டப்பா. எனக்குப் பதறிவிட்டது.

“ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனேக்கா.”

“போனெல்லாம் வேணாம். முன்னாடி நிக்கிறவங்களைப் பாரு.”

அவள் முறை வந்தது. தொழுவத்தில் இருக்கிற இன்னொரு மாட்டுக்கு, கறுப்பு மாட்டுக்கு, கழிச்சலாம். மைக்ராஸ்கோப்பில் வைத்தேன், நிறையப் புழு முட்டை. சாயம் ஏற்றியும் பார்த்தேன். சிவப்பாக எதுவும் இல்லை. உயிர் வந்தது எனக்கு. ரத்தமும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிடலாம் என்றேன்.

“இதுல புழுதான்க்கா தெரியுது. அந்தக் கிருமி இல்ல.”

அக்கா நகரவில்லை. கம்பவுண்டர் பக்கம் திரும்பினாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களும் ஒரு தடவை பாருங்களேன்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து மைக்ராஸ்கோப் முன்னாலிருந்த நாற்காலியை அவருக்கு விட்டேன்.